இன்பராணியின் வரி மனு

"அண்ணாச்சி, பத்து ரூவாதான் இருக்கு."

மூன்று தடவை எண்ணிப் பார்த்த பிறகுதான் இன்பராணி இதைச் சொன்னாள். கணக்கப்பிள்ளை சீனிச்சாமி பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பத்துத்தாம்மா. ரெண்டு ரூவா பிடிச்சிருக்கு. அடுத்த ஆளை வரச்சொல்லு."

"எதுக்குப் பிடிச்சிருக்கு?"

"தொழில் வரி."

"எனக்கா?"

"உனக்கு, மாரிக்கனிக்கு, அரைநாள் ஆளுக பதினோரு பேருக்கும்தான். பஞ்சாயத்து போர்டுல கேக்குறாக, சம்பளத்துல பிடிச்சுக் கட்டியாச்சு. அடுத்த ஆளு!"

அடுத்த ஆள் மாரிக்கனி. அவள் பணத்தை எண்ணவே இல்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, "சர்க்காருக்கு என்னைக்கு வயிறு நெறஞ்சிருக்கு?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டாள். மற்ற ஒன்பது பேரும் அப்படித்தான் நகர்ந்தார்கள். இன்பராணியால் மட்டும் நகர முடியவில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற பஸ் ஆவாரங்குளத்தில் நிற்கும்போது, இறங்குகிறவர்கள் தலையில் முதலில் ஒட்டுவது செல்லத்துரையின் பருத்தி அரைவை மில்லிலிருந்து பறந்து வருகிற பஞ்சுதான். யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இன்பராணிக்கு இருபத்திரண்டு வயது. காலை பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய் டைப்ரைட்டிங் படிப்பாள். மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்து, ஒரு மணியிலிருந்து மில்லில் எடைச் சீட்டு எழுதுவாள். அரைநாள் வேலைக்கு மாதம் பன்னிரண்டு ரூபாய். பத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மீதி இரண்டைப் பரீட்சைக் கட்டணத்துக்கென்று எடுத்து வைப்பாள். அது ஆறு ரூபாய் ஆகியிருந்தது. இந்த மாதத்து இரண்டும் சேர்ந்தால் எட்டு. கட்டணமும் எட்டு. கட்டக் கடைசித் தேதி இருபது. அன்றைக்குத் தேதி ஐந்து.

சம்பளப் பட்டுவாடா முடிந்து ஆட்கள் கலைந்த பிறகும் அவள் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். சீனிச்சாமி பேனாவை மூடினார். பேனாவைத் திறந்தார். மறுபடி மூடினார்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. எடைச் சீட்டில் அவள் எங்காவது பிசகினால் சத்தம் போடாமல் தானே திருத்தி வைத்துவிடுவார். இப்போதும் மடியை அவிழ்த்து இரண்டு ரூபாயை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தா, என் கைக்காசு. பரீட்சைக்குக் கட்டு. திருப்பித் தர வேண்டாம்."

"உங்க காசு எனக்கு எதுக்கு அண்ணாச்சி? பிடிச்சது சரின்னா பிடிச்சுக்கிடுங்க. எப்படிச் சரின்னு மட்டும் சொல்லுங்க."

"சட்டம்மா."

"என்ன சட்டம்?"

"வரிச் சட்டம்."

"அதுல என்ன போட்டிருக்கு?"

"வரி கட்டணும்னு போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, சீனிச்சாமி எழுந்து, யாரும் கூப்பிடாமலே "இதோ வாரேன்" என்று எஞ்சின் அறைப் பக்கம் போய்விட்டார்.

மெஷின் சத்தத்தில்கூடக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மனுஷர் இரண்டு வார்த்தையில் எழுந்து ஓடுகிறார் என்றால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று இன்பராணிக்குப் பட்டது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதே நினைப்பு.

டைப்ரைட்டிங் மாஸ்டருக்கு மனு என்றால் உயிர். கடிதம், கணக்குப் பட்டியல் எல்லாவற்றையும் அரைமனதாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு மனுவுக்கு வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். மறுநாள் காலை, கிணறு வெட்ட உதவி கேட்டு ஒரு விவசாயி கலெக்டருக்கு எழுதுகிற மனுவை அடிக்கச் சொன்னார். அந்த விவசாயியும் அந்தக் கிணறும் ஆறு வருஷமாக அந்த வகுப்பில் இருந்தார்கள்.

"சார், இன்னைக்கு நெசமாவே ஒரு மனு அடிக்கட்டுமா?" என்று இன்பராணி கேட்டாள்.

மாஸ்டர் விஷயத்தைக் கேட்டார். அவர் கண் கலங்காத குறைதான். ஓரத்தில் எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதற்கே அரைமணி நேரம் செலவழித்தார். ரிப்பனில் சிவப்புப் பாதி பல மாதமாகச் சும்மா கிடந்தது. 'இரண்டு ரூபாய்' என்று வருகிற இடத்தை மட்டும் சிவப்பில் அடிக்கச் சொன்னார்.

அந்த மனுவோடு அவள் ஆவாரங்குளம் பஞ்சாயத்து போர்டு ஆபீசுக்குப் போனாள். வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியூன் சோணைமுத்து, "உள்ளதான் இருக்காரு, போ தாயி" என்றார்.

குமாஸ்தா சந்தனம் மனுவைக் கையில் வாங்கினார். இங்கிலீஷில் டைப் அடித்த காகிதம் அந்த ஆபீசுக்கு மேலிடத்திலிருந்துதான் வரும். பாதி எழுந்துவிட்டார். எதிரே நிற்பது எடைச் சீட்டு எழுதுகிற பெண் என்று தெரிந்ததும் உட்கார்ந்து, அதற்குப் பிராயச்சித்தமாக மனுவை முழுசாகப் படித்தார்.

"உனக்கு மாசம் எம்புட்டும்மா சம்பளம்?"

"பன்னெண்டு."

"ஆறு மாசத்துக்கு?"

"எழுபத்திரண்டு."

"தொழில் வரி அரை வருஷ வருமானத்தைப் பாத்துப் போடுறது. நூறு ரூவாயத் தொட்டாத்தான் வரி. தொட்டா ரெண்டு ரூவா. அதை முதலாளி சம்பளத்துல பிடிச்சு இங்க கட்டணும். நூறுக்குக் கீழ இருந்தா ஒண்ணும் கிடையாது."

"அப்ப எனக்குக் கிடையாதா?"

"கிடையாதே."

"தெரியாமப் பிடிச்சிருந்தா?"

"திரும்பக் கிடைக்கும். ரீபண்டு" என்றார் சந்தனம். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு அத்தனை சந்தோஷம். பதினாலு வருஷ உத்தியோகத்தில் ஒருவர்கூட அதைக் கேட்டு வந்ததில்லை. அலமாரியின் அடித்தட்டிலிருந்து அதற்கான பாரத்தை எடுத்துத் தூசி தட்டினார். பிறகு வரிப் பதிவேட்டைத் திறந்தவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆனா இங்க உனக்கு மாசம் இருபதுன்னுல்ல போட்டிருக்கு?"

"இருபதா?"

"உங்க மில்லுல இருந்து குடுத்த லிஸ்டும்மா. இருபதுன்னா அரை வருஷத்துக்கு நூத்து இருபது. வரி சரிதான். இல்ல, பன்னெண்டுதான்னா, அப்படின்னு முதலாளி கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டா. மூணு நாள்ல காசு தாரேன்."

இவ்வளவுதான் விஷயம். இரண்டு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. இதைச் சொல்ல முடியாமல் சீனிச்சாமி எஞ்சின் அறைக்கு ஓடியதுதான் புரியவில்லை.

மில்லுக்குள் அவள் நுழையும்போது எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நிற்கிறவர் காதில் கத்தினால்தான் கேட்கும். இன்பராணி சீனிச்சாமியின் மேஜைக்குப் போய் முழுக்குரலில் கத்தினாள். அவள் வாயைத் திறந்த அந்த நொடியில்தான் எஞ்சின் டிரைவர் பெல்ட் மாற்ற எஞ்சினை நிறுத்தினார்.

"எனக்கு மாசம் இருபது ரூவா சம்பளம்னு எழுதியிருக்கீகளாமே அண்ணாச்சி!"

மில் முழுக்க நிசப்தம். பஞ்சு மட்டும் மெதுவாக மிதந்து இறங்கியது.

பருத்திக் குவியலுக்குப் பின்னாலிருந்து மாரிக்கனி எழுந்து நின்றாள். "ஏம் புள்ள, எனக்கு எம்புட்டுன்னு பாத்தியா?"

இன்பராணிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "பதினோரு பேருக்கும் இருபதுதாங்க்கா."

"என் கையில பன்னெண்டுதான வருது? மிச்சம் எட்டு ரூவா எங்க?"

"ஆளுக்கு எட்டுன்னா மாசம் எண்பத்தெட்டு" என்று இன்பராணி வாய்க்குள் கணக்குப் போட்டாள். வாய்க்குள் போட்டதாகத்தான் அவள் நினைத்தாள். "ஆறு மாசத்துக்கு ஐந்நூத்தி இருபத்தெட்டு."

ஐந்நூற்று இருபத்தெட்டு என்ற சொல் மில்லுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பத்துப் பெண்களும் சீனிச்சாமியின் மேஜையைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"எழுத்துப் பிழை" என்றார் சீனிச்சாமி.

"பதினோரு பேருக்குமா?"

"வரிசையா எழுதுனா அப்படித்தான் ஆகும். மேல ஒண்ணு தப்பாப் போனா கீழ வரைக்கும் போகும்."

"நல்லாப் போச்சு! எங்க சம்பளமும் அப்படி ஒரு தடவை தப்பாப் போகக்கூடாதா?" என்றாள் மாரிக்கனி.

சீனிச்சாமி நெற்றியைத் துடைத்தார். "இந்தா பாருங்க. சத்தம் வேண்டாம். முதலாளி வார நேரம். ஆளுக்கு ரெண்டு ரூவா, நானே தாரேன். என் கையில இருந்தே தாரேன்." மடியை அவிழ்த்து இருபத்திரண்டு ரூபாயை எண்ணிப் பரப்பினார்.

அதுதான் அவர் செய்த பெரிய தப்பு. சத்தத்தை அடக்கக் கையை விட்டுக் காசு தருகிற கணக்கப்பிள்ளையை யாரும் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

"அப்ப உள்ளுக்குள்ள எம்புட்டு இருக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

சீனிச்சாமி இன்பராணியைத் தராசுப் பக்கம் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு மாசம் பொறும்மா. ரெண்டே மாசம். அதுக்கப்புறம் எல்லாருக்கும் நானே திருப்பித் தாரேன். ஏன் எதுக்குன்னும் சொல்லுறேன்."

"இப்பச் சொன்னா என்ன அண்ணாச்சி?"

சீனிச்சாமி அவள் முகத்தையே பார்த்தார். "நீ நல்ல பிள்ளை. அதான் சொல்ல முடியல" என்றார்.

இன்பராணிக்குப் பகீரென்றது. ஐந்நூற்று இருபத்தெட்டும் உண்மைதான் போலிருக்கிறது.

அப்போதுதான் முதலாளி செல்லத்துரை உள்ளே வந்தார். இருபது வருஷம் கொழும்பில் கடை வைத்திருந்துவிட்டுப் போன வருஷம்தான் ஊர் திரும்பி இந்த மில்லை வாங்கியிருந்தார். இரண்டு மாதத்தில் வருகிற பஞ்சாயத்து போர்டுத் தேர்தலில் மெம்பருக்கு நிற்கிறார். எதிர்த்து நிற்பவர் மூன்று தடவை மெம்பராக இருந்து, தன் வீட்டு வாசல் வரைக்கும் மட்டும் ரோடு போட்டுக்கொண்டவர். செல்லத்துரையின் கொள்கை வேறு. "ஓட்டுக்காக ஒருத்தருக்கு ஒரு பீடி வாங்கித் தரமாட்டேன். ஒரு குறுக்கு வழியில கால் வைக்கமாட்டேன். நம்ம நடத்தையைப் பாத்து மக்கள் போடட்டும்" என்று பஸ் ஸ்டாண்டிலேயே நின்று சொல்லியிருந்தார். அன்றைக்குச் சீனிச்சாமி மட்டும் கை தட்டவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

"என்ன கூட்டம்?" என்றார் செல்லத்துரை.

"முதலாளி, தனியா ஒரு வார்த்தை..." என்று சீனிச்சாமி முன்னே ஓடினார்.

"எலெக்ஷன்ல நிக்கிறவன் தனியா எதுவும் பேசக்கூடாது சீனிச்சாமி. எல்லாரும் கேக்கச் சொல்லுங்க."

சீனிச்சாமி வாயைத் திறந்தார். எல்லாரையும் பார்த்தார். மூடிக்கொண்டார். இன்பராணிதான் சொன்னாள். அரை வருஷம், நூறு ரூபாய், எழுபத்திரண்டு, ரீபண்டு, எல்லாவற்றையும் சந்தனம் சொன்ன மாதிரியே நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதைக் கேட்கிற தகப்பன் மாதிரி செல்லத்துரை கேட்டார்.

"இந்த எட்டு ரூபாயை யாரும் எடுக்கலைல்ல, சீனிச்சாமி?"

"எட்டணாகூட எடுக்கல முதலாளி. சம்பளப் பேரேட்டைப் பாருங்க, பன்னெண்டுதான் எழுதியிருக்கேன். போர்டுக்குக் குடுத்த லிஸ்டுல மட்டும்..."

"மட்டும்?"

"கூடிப்போச்சு."

"கூடினதைக் குறைச்சிருவோம். அம்மா, பதினோரு பேருக்கும் நீயே மனு அடிச்சிரு. சர்ட்டிபிகேட்டுல நான் கையெழுத்துப் போடுறேன்."

"முதலாளி, நம்மளே பொய்க் கணக்குக் குடுத்தோம்னு ஆயிருமே!" என்று சீனிச்சாமி கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார்.

"குடுத்தது தப்பு. திருத்துனா தப்பா?" என்றார் செல்லத்துரை. பெண்கள் கை தட்டினார்கள். அரைவை மில்லில் வரிக்காகக் கை தட்டியது அன்றைக்குத்தான்.

கையெழுத்துக்குக் கீழே மில் முத்திரை வேண்டும் என்றார்கள். முத்திரையைக் காணவில்லை. ரிப்பேருக்கு விருதுநகர் போயிருக்கிறது என்றார் சீனிச்சாமி. ஒரு மணி நேரம் கழித்து, எதற்கோ அவர் எழுந்தபோது, உட்கார்ந்திருந்த சாக்குக்கு அடியிலிருந்து மாரிக்கனி அதை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த மூன்று காலையும் இன்பராணி மனு அடித்தாள். பதினோரு பேர், பதினோரு மனு. பெயரும் வயசும் மட்டும் மாறும். நாலாவது மனுவில் அவளுக்கு விரலைப் பார்க்காமல் அடிக்க வந்தது. எட்டாவது மனுவில் மாஸ்டர் மற்ற மாணவர்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டினார். கிணறு வெட்டும் விவசாயியை அந்த வாரம் யாரும் தேடவில்லை.

சந்தனம் சொன்ன சொல் தவறவில்லை. தேதி பதினாலு அன்று பதினோரு பேரும் போர்டு ஆபீசில் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு இரண்டு ரூபாய். வாங்கியதற்கு ஒரு கையெழுத்து. வரிப் பதிவேட்டிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சம்மதம் என்று இன்னொரு கையெழுத்து.

"வரியில இருந்து பேரை எடுக்கச் சம்மதமான்னு கேக்கணுமாக்கும்? நாலு எடத்துல வேணாலும் போடுறேன்" என்றாள் மாரிக்கனி. எழுதத் தெரியாதவர்களுக்குச் சோணைமுத்து கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றிக் கொடுத்தார்.

இன்பராணி மறுநாளே பரீட்சைக் கட்டணத்தைக் கட்டிவிட்டாள். ரசீதை அம்மாவிடம் காட்டியபோது, அம்மா அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சீனிச்சாமி தராசுப் பக்கம் வந்தார்.

"பதினோரு பேரும் வாங்கியாச்சா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஒருத்தராவது, மறந்து கிறந்து, வாங்காம விட்டுட்டாகளா?"

"ஒருத்தர்கூட விடல."

சீனிச்சாமி அங்கேயே ஒரு பருத்தி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். மனசாட்சி அவரை அறுக்கிறது என்று இன்பராணிக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது. மனுஷர் திருந்திவிட்டால் சரி என்று அவரை மனசுக்குள் மன்னித்துவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தேர்தல் வேலை தொடங்கியது. செல்லத்துரைக்கு இன்பராணிமேல் அளவில்லாத நம்பிக்கை. நோட்டீஸ் வாசகமெல்லாம் அவள்தான் எழுதினாள். ஓட்டர் லிஸ்டைக் கேட்டபோது, அது தன் பெட்டியில் பத்திரமாக இருப்பதாகச் சீனிச்சாமி சொன்னார். பெட்டியைத் திறக்கவில்லை. யாருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. பத்துப் பெண்களும் வேலை முடிந்ததும் கூட்டமாகக் கிளம்பி, யார் வீடு என்று பார்க்காமல் எல்லா வீட்டுக் கதவையும் தட்டினார்கள்.

"பிடிச்ச காசைத் திருப்பித் தர வச்ச மனுஷன். இவரு மெம்பரா வந்தா எப்படியிருக்கும்னு நெனச்சுப் பாருங்க" என்று மாரிக்கனி தெருமுனையில் நின்று சொன்னால், எஞ்சின் சத்தத்துக்கே பழகிய குரல், அடுத்த தெருவுக்கும் கேட்கும்.

ஊரே திரும்புகிற மாதிரி இருந்தது. சீனிச்சாமி மட்டும் நாளுக்கு நாள் இளைத்தார். கஞ்சி தவிர வேறு எதுவும் இறங்கவில்லை. இடையில் இன்பராணி பரீட்சையும் எழுதிவிட்டு வந்தாள். கேள்வியாக மனுதான் வந்தது. எல்லாரும் பாதியில் இருக்கும்போது முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்தலன்று பதினோரு பேரும் தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டி, முதல் ஆளாகப் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றார்கள். ஓட்டுச்சாவடி அதிகாரி வெளியூர்க்காரர். லிஸ்டில் விரலை வைத்து இறக்கினார்.

"இன்பராணி... இல்லை. அடுத்தது?"

"நல்லாப் பாருங்க சார்."

"நல்லாத்தான் பாத்தேன். அடுத்தது யாரு? மாரிக்கனி... இல்லை. அடுத்தது?"

பதினோரு பேரில் ஒருவர் பெயரும் இல்லை. "லிஸ்டுல இல்லாதவங்க ஓட்டுப் போட முடியாது, வெளியே நில்லுங்க" என்றதோடு அவர் வேலை முடிந்தது. வெளியே எதிர்க்கட்சி ஆட்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இன்பராணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சரியாகப் பதினோரு பேர். சரியாகச் செல்லத்துரைக்காக உழைத்த பதினோரு பேர். இது மூன்று தடவை மெம்பராக இருந்தவர் செய்த சூதுதான்.

பொழுது சாயுமுன் எண்ணி முடித்துவிட்டார்கள். எதிர்த்து நின்றவருக்கு நூற்று நாற்பத்தொன்று. செல்லத்துரைக்கு நூற்று முப்பத்தெட்டு.

மூன்று ஓட்டு.

செல்லத்துரை மில்லுக்கு வந்து தராசுத் தட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். முள் அசைந்து நின்றது.

"நேர்மையாத்தான் நின்னேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

இன்பராணி முன்னால் வந்து நின்றாள். "முதலாளி, இதை விடக்கூடாது. நான் மனு அடிக்கிறேன்."

"மனு வேண்டாம்மா" என்று மூலையிலிருந்து சீனிச்சாமியின் குரல் ஈனமாக வந்தது. "உனக்குக் கோடிப் புண்ணியம். மனு மட்டும் வேண்டாம்."

யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. இரண்டு மாதமாக அவர் எதற்குத்தான் வேண்டும் என்று சொன்னார்?

மறுநாள் மத்தியான பஸ்ஸில் அவள் மனுவோடு இறங்கினாள். மூன்று பக்கம். ஒரு எழுத்துப் பிழை இல்லை. சிவப்பு ரிப்பன் தீர்ந்துபோகிற அளவுக்கு மாஸ்டர் தாராளமாக இருந்திருந்தார். முதலாளி முன்னால் நடக்க, பதினோரு பேரும் பின்னால் நடக்க, கூட்டம் போர்டு ஆபீசுக்குப் போனது. ரோட்டோரத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சீனிச்சாமி தனக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

சந்தனம் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். வாசலில் சோணைமுத்து மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். இவ்வளவு பேரைப் பார்த்ததும் எழுந்து துண்டை உதறினார்.

"என்ன தாயி, மறுபடியும் மனுவா? இந்தத் தடவை என்ன எழுதியிருக்கு?"

எல்லாருக்கும் கேட்கட்டும் என்று இன்பராணி மனுவைத் தமிழில் சொன்னாள். ஆவாரங்குளம் அரைவை மில்லைச் சேர்ந்த பதினோரு பேரின் பெயர்களை ஓட்டர் லிஸ்டிலிருந்து சூது செய்து நீக்கியது யார் என்று விசாரிக்க வேண்டும். அவர்களைக் கண்டுபிடித்துக் கடுமையாகத் தண்டிக்க வேண்டும். இந்தத் தேர்தலைச் செல்லாதென்று அறிவிக்க வேண்டும். சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்தது. "அப்படிக் கேளு" என்றாள் மாரிக்கனி. செல்லத்துரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

சோணைமுத்து முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். முதலாளியைப் பார்த்தார், வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்தார், மறுபடி இன்பராணியைப் பார்த்தார்.

"சூதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. இங்க வரி கட்டுறவுகளுக்குத்தான் ஓட்டு. அதுக்காகத்தான் உங்க கணக்கப்பிள்ளை ஆளுக்கு எட்டு ரூவா கூட்டி எழுதிப் பதினோரு ஓட்டு சேத்து வச்சாரு, அதைத்தான் நீங்க ஆளுக்கு ரெண்டு ரூவா வாங்கிக்கிட்டு இங்கேயே குடுத்துட்டுப் போயிட்டீக."